சீனி மாத்திரை சாப்பிடலாம்... ரத்தப்போக்கைப் பொறுத்துக்கொண்டு இருக்கலாமா?



மாதவிடாய் நிற்கப் போகிற வயதில் ஹோமியோபதி மருந்து கேட்குமா, கேட்காதா? நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஒருத்தர் 'அமிர்தம்' என்பார். இன்னொருத்தர் 'வெறும் சீனி உருண்டை, காசுக்குத் தண்டம்' என்பார். நான் அந்த மாத்திரையைச் சாப்பிட்டும் பார்த்தவள். அதை நம்பிக்கொண்டு என் மதினி பட்ட பாட்டைக் கூடவே இருந்தும் பார்த்தவள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம்தான். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முழுசாகப் பன்னிரண்டு மாதம் தீட்டு வராமல் இருந்தால்தான் 'நின்று விட்டது' என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. மேல்நாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்னாலேயே ஆட்டம் ஆரம்பித்து விடுகிறது. இந்த இடைக்காலத்தைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாகக் குறைந்தால் கூடப் பரவாயில்லை. அது ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். கரண்டு வந்து வந்து போகிற வீடு மாதிரி.

மூளையில் உடம்புச் சூட்டைக் கண்காணிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இப்படி ஏறி இறங்கும்போது அந்த இடம் தொட்டாற்சிணுங்கி ஆகி விடுகிறது. கொஞ்சம் சூடு கூடினாலும் 'ஐயோ, கொதிக்குது' என்று நினைத்துக்கொண்டு வேர்வையைக் கொட்ட வைக்கிறது. குப்பென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் சூடு அதுதான். ராத்திரி நைட்டி நனைவது, படபடப்பு, தூக்கம் கெடுவது, காரணமில்லாத அழுகை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல், மூட்டு வலி, வைத்த சாமானை மறந்து தேடுவது என்று ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்கு ஒன்றுமே தெரியாமலும் போய்விடும். புண்ணியவதிகள்!

நான் ஹோமியோ டாக்டரிடம் போன கதை

2021ல் எனக்கு 46 வயது. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை சூடு ஏறும். தோசை வார்த்துக்கொண்டே இருக்கும்போது முகத்தில் அனல் அடிக்கும். அடுப்பா, உடம்பா என்று தெரியாது. வீட்டில் சொன்னால், "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்கள். முதலில் பெண் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "இந்த வயசுக்கு உள்ளதுதான்மா. தாங்க முடியலைன்னா சொல்லுங்க, ஹார்மோன் மாத்திரை பத்திப் பேசலாம்" என்றார். ஹார்மோன் என்றதும் எனக்குக் கொஞ்சம் யோசனை. அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, எங்கள் ஊரில் முறையாக பி.ஹெச்.எம்.எஸ். படித்த ஒரு ஹோமியோ டாக்டரம்மாவிடம் போனேன்.

சகோதரிகளே, அந்த அம்மா என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். சூடு எப்போது வருகிறது, தூங்கி எழுந்ததும் அதிகமா? கழுத்தில் சங்கிலியோ இறுக்கமான ரவிக்கையோ பட்டால் பிடிக்கவில்லையா? தாகம் இருக்கிறதா? காற்றாட நின்றால் சுகமா? உள்ளங்கால் எரிகிறதா? யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை கூடுகிறதா, குறைகிறதா? எதைக் கண்டு பயம்? கல்யாணமாகி 24 வருஷத்தில் இத்தனை கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. பதில் சொல்லச் சொல்லவே எனக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

இந்தக் கேள்விகளை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கழுத்து இறுக்கம் தாங்காமல், தூங்கி எழுந்ததும் தொந்தரவு கூடுகிறவர்களுக்கு லாகசிஸ். இது தென் அமெரிக்கப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து வருவது. வீட்டு மனுஷர்கள் பேரிலேயே பற்று விட்டுப்போய், அடிவயிறு கீழே இழுக்கிற மாதிரி இருப்பவர்களுக்கு செபியா. இது கணவாய் மீனின் மை. எடுத்ததற்கெல்லாம் கண்ணீர் விட்டு, காற்றோட்டம் தேடுகிறவர்களுக்கு பல்சட்டில்லா என்ற செடி. உள்ளங்கால் எரிந்து போர்வையை உதறுகிறவர்களுக்கு சல்ஃபர். எனக்கு லாகசிஸ் 30 கொடுத்தார். கையால் தொடாமல் மூடியில் கொட்டி வாயில் போட வேண்டும். காபி, பச்சை வெங்காயம், கற்பூர வாசனை கூடாது என்று சொன்னார்.

அந்த உருண்டையில் என்ன இருக்கிறது?

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி தேசத்து ஹானிமன் (1755 - 1843). ஒரு பொருள் நல்ல உடம்பில் என்ன தொந்தரவை உண்டாக்குமோ, அதே தொந்தரவு உள்ள நோயாளிக்கு அதுவே மருந்து என்பது அவர் கொள்கை. 1810ல் 'ஆர்கனான்' என்ற புத்தகமாக எழுதி வைத்தார்.

மாத்திரைப் பாட்டிலில் 30 என்று போட்டிருப்பதன் அர்த்தம் எனக்கு முதலில் தெரியாது. என் மகள் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். அவள்தான் விளக்கினாள். மருந்துச் சாறு ஒரு சொட்டு, அதோடு 99 சொட்டு ஸ்பிரிட்டோ தண்ணீரோ சேர்த்துக் குலுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99 சொட்டு. இப்படி 30 தடவை. ஒன்று போட்டுப் பக்கத்தில் 60 பூஜ்யம் போட்டால் வருமே, அத்தனையில் ஒரு பங்கு. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட மிஞ்ச வாய்ப்பில்லையாம். "அப்போ இதுல பாம்பு விஷமே இல்லையாட்டி?" என்று கேட்டேன். "சீனிதான்மா இருக்கு" என்று சிரித்தாள். குலுக்கக் குலுக்க வீரியம் கூடும் என்பது ஹோமியோகாரர்கள் சொல்வது. விஞ்ஞானம் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து, எந்த வியாதிக்கும் ஹோமியோபதி கேட்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2015ல் அறிக்கை விட்டது. இங்கிலாந்தில் அரசுச் செலவில் டாக்டர்கள் இதை எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று 2017ல் சொல்லி விட்டார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே சட்டப்படி இது ஒரு வைத்திய முறை. கல்லூரி உண்டு, பட்டம் உண்டு, 2020ல் தனிச் சட்டமும், 2021ல் ஆணையமும் வந்தன. மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி கல்லூரியே இருக்கிறது. சட்டம் அனுமதிப்பது ஒன்று, ஆதாரம் இருப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

என் நோட்டுக் கணக்கு

டாக்டரம்மா சொன்னபடி ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதினேன். எத்தனை தடவை சூடு வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன், தீட்டு எந்தத் தேதி, எத்தனை நாப்கின் என்று. ஆரம்பத்தில் நாளைக்கு ஒன்பது. நாலு மாதம் கழித்து மூன்று, நான்கு. சந்தோஷம்தான்! ஆனால் நடுவில் டாக்டரம்மா தன் மகள் பிரசவத்துக்குப் போய்விட்டதால் ஐந்து வாரம் எனக்கு மாத்திரை இல்லை. அந்த ஐந்து வாரமும் கணக்கு ஏறவில்லை. அதே மூன்று, நான்குதான்.

நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் வேறு சங்கதிகளும் தெரிந்தன. சாயங்காலம் சூடாக ஸ்ட்ராங் காபி குடித்த நாளில்தான் ராத்திரி வேர்வை அதிகம். 'ஹோமியோவுக்காக' காபியை விட்டதே ஒரு வைத்தியம் ஆகியிருக்கிறது! சிந்தெடிக் நைட்டியை விட்டுப் பருத்திக்கு மாறினதும், காலையில் ஆற்றங்கரை வரை நடந்ததும் அதே மாதங்களில்தான்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2004ல் காக்ரேன் என்ற மருத்துவ அமைப்பு வெளியிட்டது. அதில் நிஜ மாத்திரை ஒரு சாராருக்கும், மருந்தே இல்லாத போலி மாத்திரை இன்னொரு சாராருக்கும் கொடுத்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடு ஏறுவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. காலம் போனால் தானாகவே குறைவதும் உண்டு, 'மருந்து சாப்பிடுகிறோம்' என்ற தெம்பும் உண்டு. நிஜ ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு அதையும் தாண்டி நன்றாகக் குறைந்தது. ஆகவே 'எனக்குக் கேட்டுச்சு' என்று சொல்கிற சகோதரிகள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் குறைந்தது நிஜம். குறைத்தது அந்த உருண்டைதானா என்பதுதான் கேள்வி.

சூடு, எரிச்சல், தூக்கமின்மை இவற்றோடு போனால் சீனி உருண்டையால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பயம் எல்லாம் ரத்தப்போக்கில்தான். இப்போது மதினி கதைக்கு வருகிறேன்.

மதினி மறைத்து வைத்த ரத்தப்போக்கு

என் அண்ணன் சம்சாரத்துக்கு அப்போது 50 வயது. எனக்கு மாத்திரை கேட்டது என்று யாரோ சொல்ல, மதினியும் தன் ஊரில் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். அவர் படித்த டாக்டர் இல்லை. புத்தகம் பார்த்து மருந்து கொடுக்கிறவர். பாட்டிலில் பேரே இருக்காது. மதினிக்குச் சூடு பெரிசாக இல்லை, தீட்டுதான் பிரச்னை. பதினைந்து, பதினெட்டு நாள் விடாமல் போகும். கட்டி கட்டியாகப் போகும். அவரிடம் சொன்னதற்கு, "மருந்து வேலை செய்யுது. உள்ளே உள்ள கசடெல்லாம் வெளியேறுது. கொஞ்ச நாள் கூடுதலாத்தான் இருக்கும்" என்றிருக்கிறார். ஐந்து மாதம் இப்படியே போயிருக்கிறது. மதினி யாரிடமும் மூச்சு விடவில்லை.

2023 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்கு வந்தார். மாடிப்படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. அடுப்படியில் தனியாகக் கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி" என்றேன். "ஏளா, போனா கர்ப்பப்பையை எடுக்கணும்னுதான சொல்லுவாவ. எங்க ஊர்ல நாலு பேருக்கு அப்படித்தான் எடுத்தாவ. இந்த மாத்திரையில சரியாயிரும், விடு" என்று ஒரே பிடிவாதம்.

சரி, மாத்திரை மேல்தானே நம்பிக்கை, என் ஹோமியோ டாக்டரம்மாவிடமே போவோம் என்று கூட்டிப் போனேன். அந்த அம்மா மதினியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். மாத்திரை டப்பாவைத் திறக்கவே இல்லை. "இது நான் மருந்து கொடுக்கிற கேஸ் இல்லம்மா. இன்னைக்கே ரத்தம் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும்" என்று சீட்டு எழுதி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஃபீஸும் வாங்கவில்லை. நல்ல வைத்தியருக்கு அடையாளம் அதுதான். எந்த முறை வைத்தியராக இருந்தாலும் சரி, தன்னால் முடியாததைத் தெரிந்து சொல்கிறவரே வைத்தியர்.

ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. 12 இருக்க வேண்டியது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது தெரிந்தது. அங்கிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை எங்கள் வீட்டில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்று இல்லை, ஆனால் இப்படியே விட்டால் சில பேருக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடும் என்றார்கள். ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. காப்பர்-டி மாதிரியே இருக்கிற, ஆனால் ஹார்மோன் சுரக்கிற ஒரு சாதனத்தை உள்ளே வைத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்த்ததில் உள்சுவர் பழைய நிலைக்கு வந்திருந்தது. மதினி இப்போது தன் வீட்டு மாடியில் வடகம் பிழிந்து காயப்போடுகிறார்.

அந்தப் பயம் வீண் பயமா?

மதினியை நான் குறை சொல்ல மாட்டேன். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டில் நடந்த அநியாயம்தான். 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே இதைத் தடுக்க வழிமுறைகளைக் கடைப்பிடிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது இல்லை. போய், "எனக்கு என்ன வியாதி? சதைப் பரிசோதனை முடிவு எங்கே? ஆபரேஷன் இல்லாமல் வேறு வழி இருக்கா?" என்று மூன்று கேள்வி கேட்பதுதான். ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, மதினிக்கு வைத்த சாதனம் என்று வழிகள் உண்டு. ஒரு டாக்டர் சரியாகப் பதில் சொல்லவில்லையா, இன்னொருவரைப் பாருங்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் எந்த உருண்டையையும் நம்பிக் காத்திருக்காதீர்கள்:

* மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது.
* ஏழு நாளைக்கு மேல் தொடர்ந்து போவது.
* இரண்டு தீட்டுக்கு நடுவிலோ, தாம்பத்தியத்துக்குப் பிறகோ ரத்தம் படுவது.
* ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடி ஒரு துளி பட்டாலும். 'திரும்ப இளமை வந்துடுச்சு' என்று கேலி பேசுகிற விஷயம் இல்லை இது.
* மூச்சு வாங்குதல், தலைசுற்றல், உதடும் நகமும் வெளுத்தல்.

படபடப்பும் வேர்வையும் தைராய்டாலும் வரலாம், ரத்தசோகையாலும் படபடப்பு வரும். 2019 - 21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆகவே 'வயசுக் கோளாறு' என்று நாமே முடிவு கட்டுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரிகளில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுப் பரிசோதனையும் செய்கிறார்கள். வெட்கப்படாமல் செய்துகொள்ளுங்கள்.

ஹார்மோன் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. 2002ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து பெண்களுக்கு இதன் பேரில் பயம் வந்தது. பிறகு ஆராய்ந்ததில், 60 வயதுக்குள் அல்லது தீட்டு நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கிற, மற்றபடி ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்திருக்கிறது. மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தம் உறையும் வியாதியோ ஈரல் வியாதியோ உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உண்டு. அப்புறம், தீட்டு தள்ளித் தள்ளி வருகிற இந்த வயதிலும் கரு தங்கலாம். நின்று விட்டது என்று உறுதியாகிற வரை ஜாக்கிரதை தேவை.

ஹோமியோபதிதான் பார்ப்பேன் என்கிற சகோதரிகளுக்கு: பட்டம் பெற்று, பதிவு செய்த டாக்டரிடமே போங்கள். மருந்தின் பேரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 'மதர் டிங்க்சர்' என்று சொட்டு மருந்து கொடுத்தால் அது சீனி உருண்டை மாதிரி இல்லை. அதில் நிஜமான மூலிகைச் சாறும் ஆல்கஹாலும் இருக்கும். மற்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தப்போக்கு கூடினால் 'கசடு வெளியேறுது' என்கிறவரிடம் அன்றைக்கே கும்பிடு போட்டுவிடுங்கள்.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கும், கல்லூரி போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி டீப்பாய் மேல் போட்டு வையுங்கள். "ராத்திரி தூங்கினியா? இந்த மாசம் எத்தனை நாள் போச்சு? மூச்சு வாங்குதா?" இதைக் கேட்க எந்தப் பட்டமும் வேண்டாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாததால்தான் நம்மில் பலர் அந்தச் சீனி உருண்டையைத் தேடிப் போகிறோம். வீட்டிலேயே அந்தக் கேள்வி கிடைத்தால், உருண்டை சாப்பிடுகிறவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும், ஆபத்து வந்தால் மறைக்க மாட்டாள்.

ஐந்து மாதம் மறைத்து வைத்தவர் என் மதினி. இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்படி மறைத்து வைத்திருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக ஒருத்தரிடமாவது சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்.